ஏசி கேஸ் தானாகத் தீராது

கேள்வி: எங்கள் வளவில் ஓர் அறைக்கு, அப்பத்தாவுக்காக 4 வருஷத்துக்கு முன்னால் ஏசி போட்டோம். ஐப்பசி மழை பிடித்ததும் ரிமோட்டில் அணைத்துவிட்டு, வெளியே இருக்கும் யூனிட்டைத் தார்ப்பாயால் இறுகச் சுற்றிக் கட்டிவிடுவோம். பங்குனியில் போட்டால் ஒரே வாடை, குளிர்ச்சியும் இல்லை. மெக்கானிக் வந்து "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று வருஷா வருஷம் பணம் வாங்கிப் போகிறார். ஏசி என்றால் இப்படித்தானா?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: இல்லை ஆச்சி, இப்படி இருக்கவே கூடாது.

உங்கள் அடுப்படியில் ஃபிரிஜ் இருக்கிறதல்லவா? அதற்கு என்றைக்காவது வருஷா வருஷம் கேஸ் போட்டிருக்கிறீர்களா? ஏசியும் அதே வேலைதான். அடைத்து மூடிய செம்புக் குழாய்க்குள் ஒரே கேஸ் சுற்றிச் சுற்றி வருகிறது. ஓடுவதால் அது செலவாவதும் இல்லை, கரைவதும் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையை அடைக்காமல் கேஸ் போடுவது விரிசல் விட்ட குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

என் வீட்டிலும் மூன்று கோடை இப்படிப் பணம் கொடுத்தேன். நான்காம் வருஷம் வந்த ஒரு பையன், குழாய் இணைப்பு நட்டில் சோப்பு நுரையைத் தடவிக் காட்டினான். நுரை குமிழி குமிழியாகக் கிளம்பியது. இணைப்பைச் சரிசெய்து, வேக்கம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), கேஸை எடைபோட்டு நிரப்பினான். அதற்கப்புறம் கேஸ் பேச்சே இல்லை. அந்த மூன்று வருஷப் பணத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் என்ன கேஸ், எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். அதைக் காட்டி, "எங்கே லீக், எத்தனை கிராம் போடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். இப்போது பல ஏசிகளில் வரும் ஆர்-32 தீப்பற்றக் கூடிய கேஸ். அது குழாய்க்குள் இருக்கும்போதே அரைகுறையாக வெல்டிங் வைக்க யாரையும் விடாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் ஏசியில் கேஸ் குறையாமலே இருந்திருக்கலாம். ஃபில்டரும், காயில் என்கிற குழாய்ச் சுருளும் தூசியால் அடைத்துக்கொண்டாலும் குளிர்ச்சி குறையும், குழாயில் ஐஸ்கூடக் கட்டும். சர்வீஸ் செய்து தூசியைக் கழுவியதால் வந்த குளிர்ச்சிக்கு, கேஸ் போட்டதாகப் பணம் வாங்கியிருக்கலாம்.

அந்த வாடைக்குக் காரணம் ஐப்பசியில் நீங்கள் ஏசியை நிறுத்தும் விதம். உள் யூனிட்டின் காயில் நனைந்தபடியே நாலைந்து மாசம் மூடிக் கிடக்கிறது. பூஞ்சை பிடிக்காமல் என்ன செய்யும்? நிறுத்தும் நாளில் ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். பிறகு கூலிங் இல்லாமல் வெறும் ஃபேன் மோடில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடவிட்டு உள்ளே காயவையுங்கள். அப்புறம் ரிமோட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் பிளக்கையே கழற்றுங்கள். ஐப்பசி இடி எப்படி இருக்கும் என்று நம் ஊரில் சொல்லவா வேண்டும்? ரிமோட் பேட்டரியையும் எடுத்து வைத்துவிடுங்கள்.

தார்ப்பாயை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். வெளி யூனிட் மழையில் நனையத் தக்கபடி செய்ததுதான். இறுகச் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கித் தகடும் காயிலும் அரிக்கும். கேஸ் கசியும் நுண்துளை அங்கேயே விழலாம். எலிக்கும் அணிலுக்கும் அது நல்ல வீடு, ஒயரைக் கடித்துப் போட்டுவிடும். ஓடோ கிளையோ மேலே விழுமென்று பயந்தால், தலைக்கு மட்டும் ஒரு பலகை போதும். முகப்பு அழகு கெடக் கூடாதென்று யூனிட்டை முற்றத்து மூலையில், சுவரைப் பார்க்க வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். விட்ட சூடு சுவரில் மோதித் திரும்பினால் கோடையில் அது திணறும்.

நம் வீடுகளுக்கென்று ஒரு கவலை உண்டு. ஏசித் தண்ணீர் வெளியேறும் டிரெயின் பைப்பில் பாசி அடைத்தால் தண்ணீர் உள்பக்கம் சொட்டி ஆத்தங்குடிக் கல்லில் கறை விழும். வெளியே சுவரோடு வழிந்தால், ஐயாக்கள் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு ஊறிப் பெயரும். முன்பு போல அதைப் பூச ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே சர்வீஸின்போது உள் தட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, தடையில்லாமல் வெளியே வருகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பைப் முனையைச் சுவரை விட்டுத் தள்ளி, ஒரு செடிக்கோ வாளிக்கோ விடுங்கள். குழாய் போகும் சுவர் ஓட்டையையும் புட்டிப் பசை வைத்து அடைத்துவிடுங்கள். எறும்பு அந்த வழியாகத்தான் வரும்.

சர்வீஸுக்கு ஆளைப் புரட்டாசிக் கடைசியிலேயே கூப்பிடுங்கள். சித்திரையில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, அவசரத்தில் லீக் தேட மாட்டார்கள். இப்போது வருகிறவரிடம் முதல் வேலையாக அந்தச் சோப்பு நுரையைத் தடவிக் காட்டச் சொல்லுங்கள்.