உறைபனியில் கருகிய சாடிச் செடிகள்

அன்பின் சகோதரிக்கு, நுவரெலியாவில் உங்கள் முற்றத்துப் பிகோனியாவும் ஜெரேனியமும் சென்ற வாரம் ஒரே இரவில் கருகியதாகவும், கண்ணாடிக்கூடம் இல்லாமல் எஞ்சிய சாடிகளைக் காக்க வழியுண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். நிச்சயமாக உண்டு. முகிலற்ற, காற்றடங்கிய இரவுகளில் நிலம் தன் சூட்டை வானுக்கு இழந்துவிடுவதால்தான் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் இங்கே துகள் உறைபனி படிகிறது; ஆகவே அந்தியில் வானம் தெளிந்திருந்தால், சாடிகளைத் தாழ்வாரச் சுவரோடு ஒட்டி வைத்து, உயரமான குச்சிகளை நட்டு, இலைகளில் படாதபடி சாக்கினால் மூடி, காலையில் பனி உருகிய பின்னர் எடுத்துவிடுங்கள். பொலித்தீன் வேண்டாம், அது ஒட்டிய இலைதான் முதலில் கருகும். மேல்மண் உலர்ந்தால் மட்டும், அதுவும் காலையிலேயே, சிறிது தண்ணீர் ஊற்றுங்கள். கருகிய கிளைகளை உடனே வெட்ட மனம் துடிக்கும், தயவுசெய்து பொறுத்திருங்கள். ஜெரேனியத் தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டும்போது உள்ளே ஈரப் பச்சை தெரிந்தால், அந்தச் செடிக்கு இன்னும் உயிர் இருக்கிறது.