பெட்டியில் 7,000, திரையில் 1,700: எஸ்எஸ்டி வேகம் குறித்த கேள்வி–பதில்

கேள்வி: பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். பி450 மதர்போர்டு, ரைசன் 5 5600 ப்ராசசர். ஏற்கெனவே ஒரு என்விஎம்இ (பிசிஐஇ வழியாக ஓடும் வேகமான வகை) எஸ்எஸ்டி இருக்கிறது. இப்போது 1 டிபி ஜென்4 (நான்காம் தலைமுறை பிசிஐஇ) டிரைவ் ஒன்றை வாங்கி இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் மாட்டினேன். பெட்டியில் விநாடிக்கு 7,000 எம்பி என்று போட்டிருக்கிறது. வேகத்தை அளக்கும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க் மென்பொருளில் 1,700-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். டிரைவில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. அது உட்கார்ந்திருக்கும் ஸ்லாட்தான் அதற்கு மேல் விடாது.

எம்.2 ஸ்லாட்டுகள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்று நேராக ப்ராசசருக்குப் போகும். மற்றொன்று பெரும்பாலும் சிப்செட் (போர்டில் உள்ள துணைச் சில்லு) வழியாகப் போகும். எத்தனை லேன் (டேட்டா போகும் பாதை), எந்தத் தலைமுறை என்பதும் ஸ்லாட்டுக்கு ஸ்லாட் மாறும். பிசிஐஇ (பாகங்களை ப்ராசசரோடு இணைக்கும் முறை) ஜென்3-இல் ஒரு லேன் விநாடிக்கு ஏறக்குறைய 985 எம்பி கடத்தும். நான்கு லேன் சேர்ந்தால் கணக்குப்படி 3,900. கையில் கிடைப்பது 3,500 சொச்சம். இரண்டே லேன் என்றால் 1,700 சொச்சம். ஜென்2-வில் லேனுக்கு 500 எம்பிதான், எனவே நான்கு லேன் இருந்தும் 2,000-ஐத் தொடாது. பி450 போர்டுகள் பலவற்றில் இரண்டாவது ஸ்லாட் இந்த இரண்டில் ஒன்றாகவே இருக்கிறது. உங்கள் 1,700 அதோடு அப்படியே பொருந்துகிறது.

சந்தேகம் இருந்தால் டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைத் திறந்து ‘டிரான்ஸ்ஃபர் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு. வலப்பக்கம் இருப்பது டிரைவால் முடிந்த உச்சம். இடப்பக்கம் 3.0 எக்ஸ்2 (ஜென்3, இரண்டு லேன்), வலப்பக்கம் 4.0 எக்ஸ்4 என்று இருந்தால் விஷயம் முடிந்தது. மதர்போர்டு கையேட்டில் எம்.2 பற்றிய பக்கத்திலும் இதே விவரம் இருக்கும். அதே பக்கத்தில், எந்த எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் எந்த சாட்டா (பழைய வகை டிரைவ் இணைப்பு) போர்ட் அணைந்துபோகும் என்றும் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதையும் படித்துவிடுங்கள்.

இரண்டு டிரைவ்களையும் இடம் மாற்றுங்கள். கணினியை ஸ்லீப்பில் போடாமல் முழுதாக ஷட்டவுன் செய்து, பவர் சப்ளையின் பின்பக்க சுவிட்சை அணைத்து, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். டிரைவை 30 டிகிரி சாய்வில் உள்ளே தள்ளும்போது தங்கநிறப் பற்கள் முழுதாக மறைய வேண்டும். அரைகுறையாக உட்கார்ந்தால் லேன் எண்ணிக்கை குறைந்தே பேசும், அல்லது டிரைவ் தெரியவே தெரியாது. பிறகு மெதுவாகப் படுக்கவைத்துத் திருகைப் போடுங்கள். திருகு பிடித்தால் போதும், முறுக்க வேண்டாம். கணினி திரும்ப வந்ததும் விண்டோஸ் கிளம்பவில்லை என்றால் பதற வேண்டியதில்லை. பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) பூட் வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ முதலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் ஸ்லாட்டிலும் உங்களுக்கு 3,500 சொச்சம்தான் கிடைக்கும், ஏனென்றால் பி450 போர்டே ஜென்3. உங்கள் ப்ராசசரால் ஜென்4 முடியும் என்பதால் பி550-க்கு மாறினால் 7,000 வரும். ஆனால் அதற்காக மட்டும் போர்டை மாற்றுவது வீண் செலவு என்பதே எங்கள் கருத்து. அன்றாட வேலையில் 3,500-க்கும் 7,000-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

இதே குழப்பம் வேறு உருவிலும் வரும். ரைசன் 5 5600ஜி பெயரில் 5600 போலவே இருந்தாலும் பிசிஐஇ ஜென்3 வரை மட்டுமே போகும் ப்ராசசர்தான். பி550-இல் போட்டாலும் ஜென்4 கிடைக்காது. இன்டெல் 10-ஆம் தலைமுறை ப்ராசசரை 500 வரிசை போர்டில் போடுபவர்களுக்கு, ப்ராசசரோடு இணைந்த எம்.2 ஸ்லாட் வேலையே செய்யாது. டிரைவ் செத்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். பக்கத்து ஸ்லாட்டில் மாற்றிப் போட்டால் உயிரோடு எழுந்து வரும்.

கேள்வி: சாட்டா எஸ்எஸ்டியிலிருந்து ஜென்4 என்விஎம்இக்கு மாறினேன். அளந்து பார்த்தால் வேகம் பன்னிரண்டு மடங்கு. ஆனால் விண்டோஸ் திறக்கும் நேரம் இரண்டு விநாடிகூடக் குறையவில்லையே?

பதில்: பன்னிரண்டு மடங்கு என்பது ஒரு பெரிய ஃபைலை வரிசையாகப் படிக்கும் வேகம். விண்டோஸ் திறக்கும்போது நடப்பது அதுவல்ல. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடிப் படிக்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்மார்க்கின் கடைசி வரியான ‘ரேண்டம் 4கே, க்யூ1டி1’தான் இதைக் காட்டும். சாட்டாவில் அது 30 முதல் 40 எம்பி, நல்ல என்விஎம்இயில் 60 முதல் 90. ஏறக்குறைய இரண்டு மடங்கு, அவ்வளவுதான். மீதி நேரம் ப்ராசசருக்கும் டிரைவர்களுக்கும் போகிறது.

டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய் ‘லாஸ்ட் பயாஸ் டைம்’ எவ்வளவு என்று பாருங்கள். அங்கே 20 விநாடி என்றிருந்தால், அது விண்டோஸ் கண் திறப்பதற்கு முன்பே செலவான நேரம். எஸ்எஸ்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஏஎம்5 (ஏஎம்டி ப்ராசசர் சாக்கெட்) போர்டுகளில் டிடிஆர்5 ராமைப் பழக்கப்படுத்தவே ஒவ்வொரு முறையும் நேரம் போகும். பயாஸில் ‘மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்’ என்பதை இயக்கினால் குறையும். இயக்கிய பிறகு நீலத்திரை வந்தால் பழையபடி அணைத்துவிடுங்கள்.

கேள்வி: 80 ஜிபி வீடியோக்களை ஒரு என்விஎம்இயிலிருந்து இன்னொன்றுக்கு காப்பி செய்கிறேன். 2,000 எம்பியில் தொடங்கி, ஒரே நிமிடத்துக்குள் 100-க்கு விழுந்து அங்கேயே நின்றுவிடுகிறது. காப்பி போய்ச் சேரும் டிரைவ் 1 டிபி, க்யூஎல்சி வகை, 900 ஜிபி நிரம்பியிருக்கிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. அந்த வகை டிரைவின் உண்மையான எழுதும் வேகத்தை இப்போதுதான் பார்க்கிறீர்கள்.

க்யூஎல்சியில் ஒரு செல் நான்கு பிட்களைத் தாங்குகிறது. நான்கு பிட்களைத் துல்லியமாக எழுத நேரம் பிடிக்கும். அதை மறைக்க, காலியாக இருக்கும் செல்களில் முதலில் ஒரே ஒரு பிட்டை மட்டும் வேகமாக எழுதிவைத்து, பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் நான்காக மடித்து அடுக்குகிறது கன்ட்ரோலர் (டிரைவை இயக்கும் சில்லு). இதுதான் எஸ்எல்சி கேஷ். நான்கு பிட் போகும் இடத்தில் ஒரு பிட் என்பதால், கேஷ் காலியிடத்தில் கால்பங்கைத் தாண்ட முடியாது. உங்களிடம் இருப்பது ஏறக்குறைய 100 ஜிபி காலியிடம்; எனவே அதிகபட்சம் 25 ஜிபி. அது நிறைந்ததும், வரும் டேட்டாவை எழுதுவதோடு கேஷை மடித்து ஒதுக்கும் வேலையும் சேர்ந்துகொள்ள, வேகம் ஹார்ட்டிஸ்குக்கும் கீழே போகிறது. டிஎல்சி டிரைவில் மூன்று பிட் என்பதால் கேஷ் மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம். அது முடிந்த பிறகும் நல்ல டிஎல்சி டிரைவ் பல நூறு எம்பியில் நிற்கும்.

சூட்டினாலும் வேகம் விழும் என்பதால் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். காப்பி விண்டோவை விரித்து, எத்தனை ஜிபி போனதும் வரைபடம் சரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எழுதியதை அழித்துவிட்டு, ஒரு மணி நேரம் கணினியைச் சும்மா விட்டு, கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி ஒரு ஃபேனைக் காட்டியபடி மறுபடி செய்யுங்கள். அதே ஜிபியில் விழுந்தால் கேஷ். தள்ளிப்போனால் சூடு. கிரிஸ்டல்டிஸ்க்மார்க் இதில் உதவாது. வழக்கமான 1 ஜிபி சோதனை கேஷுக்குள்ளேயே முடிந்துவிடும்.

செய்ய வேண்டியது: டிரைவில் 20 சதவீதமாவது காலியாக வைத்திருங்கள். பிறகு ஸ்டார்ட் மெனுவில் ‘டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ என்று தேடித் திறந்து, உங்கள் டிரைவுக்கு நேரே ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ‘ஆப்டிமைஸ்’ அழுத்துங்கள். பெயர் எப்படி இருந்தாலும், எஸ்எஸ்டிக்கு அது அனுப்புவது டிரிம் கட்டளை. எந்த இடங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று அந்தக் கட்டளையால்தான் கன்ட்ரோலருக்குத் தெரியும். அதன்பின் கணினியை அரை மணி நேரமாவது அணைக்காமல், ஸ்லீப்பிலும் போடாமல் விடுங்கள். மடித்து அடுக்கும் வேலை மின்சாரம் இருக்கும்போதுதான் நடக்கும். வீடியோ எடிட்டிங் உங்கள் தொழில் என்றால் அடுத்த முறை டிராம் (தனி நினைவகச் சில்லு) உள்ள டிஎல்சி டிரைவையே வாங்குங்கள். க்யூஎல்சி, படிப்பதற்கு நல்ல டிரைவ்; நாள்தோறும் நூறு ஜிபி எழுதுகிறவருக்கானது அல்ல.

கேள்வி: கிராஃபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே உள்ள எம்.2 டிரைவ், கேம் ஆடும்போது மட்டும் வேகம் குறைகிறது. ஹீட்சிங்க் மாட்டியிருக்கிறேன்.

பதில்: ஹீட்சிங்கைக் கழற்றி தெர்மல் பேடைப் பாருங்கள். இரண்டு பக்கமும் உள்ள பிளாஸ்டிக் ஃபிலிமை உரித்தீர்களா? ஒரு பக்கம் மட்டும் உரித்துவிட்டு மாட்டுவது அசெம்பிள் செய்பவர்களிடம் அடிக்கடி காணும் தவறு. அப்படி மாட்டினால் ஹீட்சிங்க் டிரைவின் மேல் போர்த்திய போர்வையாகிவிடும். உற்பத்தியாளர் ஒட்டிய லேபிளை மட்டும் உரிக்காதீர்கள், வாரன்டி போய்விடும்.

பேட் சரியாக இருந்தால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் வெப்பநிலையைக் கவனியுங்கள். 70 டிகிரிக்குள் இருந்தால் கவலையில்லை. 80-ஐ நெருங்கினால் கன்ட்ரோலர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். கேபினெட்டின் முன்பக்க ஃபேன் ஒன்றைக் கீழே இறக்கி மாட்டிக் காற்று கார்டுக்கு அடியில் போகும்படி செய்யுங்கள். அல்லது டிரைவை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள், அது சிப்செட் ஸ்லாட்டாக இருந்தாலும் சரி.

கேள்வி: 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. வேலை செய்துகொண்டிருக்கும்போதே திடீரென அரை நிமிடம் எல்லாம் உறைந்துவிடுகிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம், ஆனால் வேகம் பூஜ்யம். பிறகு தானாகச் சரியாகிறது.

பதில்: முதல் வேலை, முக்கியமானவற்றை இன்றே வேறொரு டிரைவுக்கு பேக்கப் எடுங்கள். 100 சதவீதமும் பூஜ்ய வேகமும் சேர்ந்து வந்தால், விண்டோஸ் கேட்டதற்கு டிரைவிலிருந்து பதில் வரவில்லை என்று பொருள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘விண்டோஸ் லாக்ஸ்’, அதற்குள் ‘சிஸ்டம்’ திறந்து, உறைந்த அதே நேரத்தில் 129 அல்லது 153 என்ற எண்ணுள்ள எச்சரிக்கை இருக்கிறதா பாருங்கள். 129 என்றால் காத்திருந்து பார்த்து விண்டோஸே இணைப்பை ரீசெட் செய்திருக்கிறது.

அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி7 என்ற வரி, அதாவது சிஆர்சி பிழைகளின் (டேட்டா கடத்தும்போது வரும் பிழைகள்) எண்ணிக்கை. அது கூடிக்கொண்டே போனால் பெரும்பாலும் குற்றவாளி சாட்டா கேபிள். கேபிளை மாற்றுங்கள், போர்ட்டையும் மாற்றுங்கள், பவர் கேபிளை வேறு கனெக்டரில் செருகுங்கள். மாற்றிய பிறகும் பழைய எண் அப்படியே இருக்கும், அது குறையவே குறையாது. மேலே ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது என்று கொள்ளலாம். சி7 பூஜ்யமாகவே இருந்து உறைவது தொடர்ந்தால் டிரைவின் ஃபர்ம்வேரைப் (டிரைவுக்குள் பதிந்துள்ள மென்பொருள்) புதுப்பியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் டிரைவை மாற்றுவதே வழி.

பயாஸில் சாட்டா மோட் ‘ஐடிஇ’ (பழைய முறை) என்று இருந்தால் ‘ஏஹெச்சிஐ’ (புதிய முறை) ஆக மாற்றலாம், ஆனால் நேராக மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும். முதலில் ‘சிஸ்டம் கான்ஃபிகரேஷன்’ திறந்து பூட் பகுதியில் ‘சேஃப் பூட்’டை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், போகும் வழியில் பயாஸில் மாற்றுங்கள், சேஃப் மோடில் ஒருமுறை திறந்ததும் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: புதிதாக காப்பி செய்த ஃபைல்கள் பறக்கின்றன. இரண்டு வருடத்துக்கு முன் போட்ட ஃபைல்கள் மட்டும் ஆமை வேகம். இப்படியும் நடக்குமா?

பதில்: நடக்கும். செல்லில் சேமித்த மின்னூட்டம் காலப்போக்கில் நகரும். படிக்கும்போது எல்லைக்கோடு தப்பினால் கன்ட்ரோலர் மறுபடி மறுபடி படித்துத் திருத்த வேண்டியிருக்கிறது, நேரம் அங்கே போகிறது. 2014-இல் சாம்சங் 840 ஈவோ டிரைவ்களில் இந்தச் சிக்கல் பரவலாக வெளிப்பட்டு, அந்த ஆண்டே ஃபர்ம்வேர் திருத்தம் வந்தது. அது போதாமல் 2015-இல் இன்னொன்றும் வந்தது.

உங்கள் டிரைவுக்குப் புதிய ஃபர்ம்வேர் இருந்தால் பேக்கப் எடுத்தபின் போடுங்கள். பிறகு அந்தப் பழைய ஃபோல்டரை வேறொரு டிரைவுக்கு முழுதாக காப்பி செய்து, சரியாக வந்திருப்பதைப் பார்த்த பின் மூலத்தை அழித்து, திரும்பக் கொண்டுவாருங்கள். அதே டிரைவுக்குள் கட் செய்து வேறு ஃபோல்டரில் ஒட்டினால் பயனில்லை. முகவரிதான் மாறும், டேட்டா அதே பழைய செல்லிலேயே கிடக்கும்.