வயசானா சரியாயிரும் என்கிறார்கள், காத்திருக்கலாமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே வரிதான்: "வயசானா சரியாயிரும்னு வீட்ல சொல்றாங்க." பாளையங்கோட்டையில் குழந்தைகளுக்கான மனநல மருத்துவராக உட்கார்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சில பிரச்சினைகள் உண்மையிலேயே வயது ஏற ஏறச் சரியாகும். சிலவற்றில் காத்திருப்பதுதான் கெடுதல். எது எந்த வகை என்று கேள்வி வாரியாகவே பார்த்துவிடலாம். பெயர்களை எடுத்துவிட்டேன்.

மகனுக்கு இரண்டரை வயது. அம்மா, அப்பா என்றுகூடச் சொல்வதில்லை. நான் பீடி சுற்றுகிறேன். அந்த நேரம் போனைக் கையில் கொடுத்துவிடுவேன். அதனால்தான் இப்படி ஆயிற்று என்று எல்லாரும் என்னை ஏசுகிறார்கள். மாமியார் மட்டும், "அவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான், சும்மா இரு" என்கிறார்கள். (முக்கூடல்)

முதலில் ஏசுகிறவர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மடியில் தட்டை வைத்துக்கொண்டு, இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, கட்டுக் கட்டாக எண்ணிக் கொடுக்கிற பெண்ணுக்குப் பிள்ளையைத் தூக்க மூன்றாவது கை கிடையாது. போனைக் கொடுத்ததால் ஆட்டிசம், அதாவது பேச்சிலும் பிறரோடு பழகுவதிலும் தெரிகிற வளர்ச்சிக் குறைபாடு, வராது. அது பிறக்கும் முன்பே மூளை வளரும் விதத்தில் தொடங்குகிற வித்தியாசம். வளர்ப்பும் காரணமில்லை, தடுப்பூசியும் காரணமில்லை. தடுப்பூசிமேல் பழி போட்டு 1998இல் வந்த கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. போனால் வரும் கெடுதல் வேறு. நாம் ஒன்று சொல்ல, பிள்ளை ஒன்று சொல்ல, அப்படித்தான் பேச்சு வளரும். போன் பேசிக்கொண்டே இருக்குமே தவிர, பிள்ளையின் பதிலுக்கு நிற்காது. இரண்டு வயதுக்குள் போன், டி.வி. எதுவும் வேண்டாம், அதன் பிறகு ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது.

மாமியார் சொல்வதையும் என்னால் ஏற்க முடியாது. இரண்டு வயதில் "பால் தா" என்று இரண்டு சொல் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் மகன் ஒரு சொல்கூட இல்லாமல் இருக்கிறான். இன்றைக்கே மூன்றைக் கவனியுங்கள். பின்னால் இருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? வேண்டியதை விரலால் சுட்டிக் கேட்கிறானா, அல்லது உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் வைக்கிறானா? வானத்தில் ஏரோப்ளேன் போனால் அதைக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். தான் பார்த்ததை அம்மாவும் பார்க்க வேண்டும் என்கிற அந்த ஆசையில்தான் பேச்சே முளைக்கிறது.

அடுத்தது காது. நான் படித்து முடித்த புதிதில் ஒரு குழந்தைக்கு ஆட்டிசமாக இருக்கலாம் என்று நினைத்து மூன்று மாதம் பயிற்சிக்கு அனுப்பினேன். பிறகுதான் தெரிந்தது, அவளுக்குக் காது கேட்கவில்லை. நூறாண்டுக்கு மேலாகக் காது கேளாத பிள்ளைகளுக்கென்றே பள்ளி நடக்கிற ஊரில் இருந்துகொண்டு அதை நான் தவறவிட்டேன். அந்த மூன்று மாதத்தை அவளுக்குத் திருப்பித் தர முடியவில்லை. அன்றிலிருந்து, பேசாத எந்தப் பிள்ளைக்கும் காதுப் பரிசோதனைதான் முதலில். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். வளர்ச்சி தாமதமான சின்னப் பிள்ளைகளைப் பார்த்துப் பயிற்சி தருகிற அரசு மையம் அது, பணம் கட்ட வேண்டாம். ஆட்டிசம் என்று பெயர் வைக்கட்டும், வைக்காமல் இருக்கட்டும், பயிற்சியை இப்போதே தொடங்கலாம். வீட்டில், தட்டோடு உட்காரும்போது அவனை எதிரே உட்கார வையுங்கள். ஒவ்வொரு கட்டு முடிந்ததும், "ஒண்ணு... ரெண்டு..." என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லி நிறுத்துங்கள். அடுத்ததை அவன் சொல்வதற்காகக் கொஞ்சம் காத்திருங்கள்.

ஏழு வயது மகள் இன்னும் படுக்கையை நனைக்கிறாள். அடித்தும் பார்த்துவிட்டோம். (ஆழ்வார்குறிச்சி)

இது வயசானால் சரியாகிற வகை. ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் இப்படித்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஏழில் ஒருவருக்கு ஒவ்வொரு வருடமும் தானாகவே நின்றுவிடுகிறது. தூக்கத்தில் தன்னை அறியாமல் போகிற சிறுநீருக்கு அடித்து என்ன பயன்? அடிக்காதீர்கள். நனைந்த போர்வையைத் தெருவில் எல்லாரும் பார்க்கக் காயப்போட்டு அவமானப்படுத்தாதீர்கள். பகலில் நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குறைக்கட்டும், படுக்கும் முன் சிறுநீர் கழிக்கட்டும். மலச்சிக்கல் இருந்தால் அதை முதலில் சரி செய்யுங்கள். பாதிப் பிள்ளைகளின் வீட்டில் இதை யாரும் கேட்பதே இல்லை. ஆறு மாதம் நனைக்காமல் இருந்து திடீரென்று தொடங்கினாலோ, தாகமும் எடைக் குறைவும் சேர்ந்து வந்தாலோ உடனே சர்க்கரை பார்க்க வேண்டும்.

மூன்றாம் வகுப்பு மகனை மனநல டாக்டரிடம் காட்டச் சொல்கிறார் டீச்சர். போனில் கேம் என்றால் ரெண்டு மணி நேரம் அசையாமல் இருக்கிறான். அவனுக்குக் கவனக் குறைவு எப்படி வரும்? மாத்திரை கொடுத்தால் மந்தமாகிவிடுவான், அப்புறம் நிறுத்தவே முடியாது என்கிறார்கள். (அம்பாசமுத்திரம்)

கேமில் நொடிக்கு நொடி ஏதோ ஒன்று மின்னும், உடனே பரிசும் வரும். அதனால் கேமைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஏ.டி.எச்.டி. என்கிற கவனக் குறைவுக் கோளாறு உள்ள பிள்ளையிடமும் கவனம் இருக்கிறது. அதை வேண்டிய இடத்தில் பிடித்து நிறுத்தத்தான் அவனால் முடியவில்லை. வாய்ப்பாடு எழுதும்போது, சாப்பிடும்போது, வரிசையில் நிற்கும்போது எப்படி இருக்கிறான் என்று பாருங்கள்.

டீச்சர் சொன்னதாலேயே நோய் ஆகிவிடாது. சேட்டை எல்லாம் நோயும் இல்லை. பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி இரண்டிலும் இருக்க வேண்டும், படிப்பையோ நட்பையோ கெடுக்கிற அளவுக்கு இருக்க வேண்டும். ஸ்கேனிலும் ரத்தத்திலும் இது தெரியாது. கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறோம். வரும்போது அவனுடைய நோட்டுகளை எடுத்து வாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன். அதில் நிறையத் தெரியும். முதல் மூன்று வரி முத்து முத்தாக இருக்கும். நான்காவது வரி கோட்டை விட்டு இறங்கும். ஆறாவது வரியில் பாதிச் சொல்லோடு நிற்கும், பக்கத்தில் ஒரு மாட்டு வண்டி வரைந்திருக்கும். எழுதத் தெரியாத பிள்ளையின் நோட்டு இப்படி இருக்காது. தொடங்கத் தெரிகிறது, முடிக்கத்தான் முடியவில்லை.

மாத்திரைக்கு வருவோம். இதற்குக் கொடுக்கிற மெத்தில்ஃபெனிடேட் 1950களிலிருந்து புழக்கத்தில் இருக்கிற மருந்து. பொதுவாக ஆறு வயதுக்கு மேல்தான் கொடுப்போம். அதற்குக் கீழே பெற்றோருக்குத் தரும் பயிற்சிதான் சிகிச்சை. சாதாரண மாத்திரை நாலு மணி நேரம் வேலை செய்து போய்விடும். பிள்ளை மந்தமானால் அளவு தப்பு என்று அர்த்தம், குறைக்கச் சொல்லுங்கள். மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அடிமையாக்காது. பசி குறையும், சிலருக்குத் தூக்கம் தள்ளிப்போகும். அதனால் காலையில் இட்லியோ தோசையோ வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு மாத்திரை கொடுங்கள். உயரமும் எடையும் நாங்கள் தவறாமல் குறித்துக்கொண்டே வருவோம். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் இதயக் கோளாறு இருந்திருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மாத்திரை இல்லாமலும் செய்ய வேண்டியது உண்டு. முதல் பெஞ்சு கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். செய்து முடித்தால் அப்போதே பாராட்டுங்கள், ராத்திரி அப்பா வந்த பிறகு அல்ல. ஒரு நாளைக்கு எத்தனை தடவை "ஏலே, சும்மா இருல" என்று கேட்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு வளர்வான்?

எட்டாம் வகுப்பு மகனுக்குத் திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. நடிக்கிறானா? (நாங்குநேரி பக்கம்)

நடிக்கவில்லை. பயத்தில் குடல் முறுக்கிக்கொள்ளும், வலி நிஜம். லீவு நாளில் வலிக்கவில்லை என்றால், வலி பள்ளிக்கூடத்திலோ போகிற வழியிலோ இருக்கிறது. வகுப்பைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். பஸ்ஸைப் பற்றி, கழிப்பறையைப் பற்றி, இடைவேளையைப் பற்றிக் கேளுங்கள். கையில் கட்டும் சாதிக் கயிற்றின் நிறத்தை வைத்துப் பிள்ளைகள் பிள்ளைகளைப் பிரிக்கிற கொடுமை நம் பக்கத்துப் பள்ளிகளில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் உங்கள் ஊரில் ஒரு மாணவனைக் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அவனும் அதற்கு முன் பள்ளிக்குப் போகாமல் இருந்த பிள்ளைதான். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் இந்தக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. மகன் ஏதாவது சொன்னால், "நீ ஒதுங்கிப் போ" என்று முடித்துவிடாதீர்கள். தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. பாதுகாப்பு உறுதியான பிறகு, பள்ளியை மட்டும் நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு நாள் வீட்டில் இருக்கும்போதும் அடுத்த நாள் போவது இன்னும் கடினமாகும்.

2023 வெள்ளத்தில் இரண்டு நாள் மொட்டை மாடியில் இருந்தோம். மகளுக்கு அப்போது ஆறு வயது. இன்றும் மழை இருட்டினாலே அழுகை, தூக்கமில்லை. (ஸ்ரீவைகுண்டம்)

அந்த டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. அவள் பயப்படுவது கற்பனையை அல்ல, நடந்ததை. "இதுக்குப் போயா அழுவே" என்று மட்டும் சொல்லாதீர்கள். மழை வந்தால் செய்ய அவள் கையில் ஒரு வேலை கொடுங்கள். ஒரு பை, அதில் டார்ச்சு, பிஸ்கட், பள்ளிச் சான்றிதழ்கள் பிளாஸ்டிக் கவரில். அந்தப் பை அவள் பொறுப்பு. தூறல் நாளில் வராண்டாவில் உங்கள் மடியில் ஐந்து நிமிடம், அடுத்த முறை பத்து நிமிடம் என்று பழக்குங்கள். கெட்ட கனவும், திடுக்கிட்டு விழிப்பதும் இத்தனை நாள் நீடிப்பதால் மனநல நிபுணரின் பேச்சு சிகிச்சை தேவை. தூக்க மாத்திரை இதற்குத் தீர்வல்ல. ஐப்பசிக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

பத்தாம் வகுப்புப் பேத்தி கோயில் கொடை விழா முடிந்ததிலிருந்து அடிக்கடி குரல் மாறிப் பேசி, விழுந்துவிடுகிறாள். இசக்கி அம்மன் பிடித்திருக்கிறது என்கிறார்கள். (களக்காடு, ஒரு ஆச்சி)

ஆச்சி, கொடையில் சாமி வந்து ஆடுகிறவர்களை நாங்கள் நோயாளி என்பதில்லை. எங்கள் மருத்துவ நூல்களும் வழிபாட்டில் வருவதை நோயில் சேர்ப்பதில்லை. ஆனால் கொடை முடிந்தும், அவள் விரும்பாமல், படிப்பைக் கெடுத்து வருகிறது என்றால் பார்க்கத்தான் வேண்டும். அடுத்த முறை வந்தால் போனில் வீடியோ எடுங்கள். நாக்கைக் கடிப்பது, சிறுநீர் போவது, தூக்கத்தில் வருவது இருந்தால் வலிப்பு நோயாக இருக்கலாம். அது இல்லையென்றால், பெரும்பாலும் வாயால் சொல்ல முடியாத ஒன்றை உடம்பு சொல்கிறது. கல்யாணப் பேச்சா, பரீட்சையா, யாராவது தப்பாகத் தொட்டார்களா? மருத்துவர் அவளிடம் தனியாகப் பேச வேண்டும், நீங்களும் வெளியே இருக்க வேண்டும். கோயிலுக்குக் கூட்டிப் போங்கள், உவரிக்கு நேர்ந்திருந்தால் அங்கும் போங்கள், நான் தடுக்க மாட்டேன். வேப்பங்குழையால் அடிப்பது, மிளகாய்ப் புகை, கட்டிப் போடுவது மட்டும் கூடாது. ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001இல் மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் ஓட முடியாமல் செத்தார்கள். இப்போது சங்கிலியால் கட்டுவது சட்டப்படியும் குற்றம்.

பன்னிரண்டாம் வகுப்பு மகன், "செத்துப் போயிரலாம்" என்று நண்பனிடம் சொன்னானாம். வீட்டில் சிடுசிடுவென்று இருக்கிறான். நேரே கேட்டால் தூண்டிவிட்டது போல் ஆகாதா? வாழை விவசாயம் செய்கிறோம். (ஏரல்)

ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஏற்கனவே இருந்தால் சொல்ல வழி கிடைக்கும். டி.வி.யை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னல, செத்துரலாம்னு தோணுதா?" என்று அப்படியே கேளுங்கள். ஆமாம் என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், "அம்மாவை நினைச்சுப் பாத்தியா" என்றும் சொல்லாதீர்கள். எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறானா என்று கேளுங்கள்.

பதின்வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் சிடுசிடுப்பாகவே வரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் சிகிச்சை வேண்டும். ஃப்ளுவாக்ஸிடின் போன்ற மாத்திரைகள் வேலை செய்ய சில வாரம் ஆகும். தொடங்கிய முதல் வாரங்களில் சிலருக்குப் பதற்றமும் தற்கொலை எண்ணமும் கூடலாம், அதனால் அப்போதுதான் கூட இருந்து கவனிக்க வேண்டும். நன்றாகிவிட்டான் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று ஆஸ்பத்திரிக்குத் தயங்க வேண்டாம். 2017 மனநலச் சட்டப்படி தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுவார்கள், தண்டிக்க மாட்டார்கள்.

வாழைக்கு அடிக்கிற பூச்சிமருந்து எங்கே இருக்கிறது? அதை இன்றைக்கே வீட்டையும் தோட்டத்து மோட்டார் ரூமையும் விட்டு எடுத்து, வேறு ஒருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் சாப்பிடுகிற மாத்திரைகளையும் அப்படியே. இந்த எண்ணம் பல நேரம் அலை மாதிரி வந்து இறங்கிவிடும், அந்தக் கொஞ்ச நேரம் கைக்கு எட்டுகிற தூரத்தில் விஷம் இருக்கக் கூடாது. இரவிலும் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104 இருக்கின்றன. யோசித்து வைத்திருக்கிறேன் என்று அவன் சொன்னால் காலை வரை காத்திருக்காதீர்கள். தனியாக விடாமல் பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், மோட்டார் சைக்கிளில் அல்ல, காரில், நடுவில் அவனை உட்கார வைத்து.