பெரிகோர் கிராமத்தில் ஒரு வாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

(பிரான்சின் தென்மேற்கில், பெரிகோர் வட்டாரத்தின் தோர்தோன் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் குடும்பத்தோடு வசிக்கும் காரைக்கால் பெண்மணி பதிலளிக்கிறார்.)

ஜூன் மாதம் ஐந்து பேர் பிரான்ஸ் வருகிறோம். பாரிசுக்குப் பிறகு ஒரு வாரம் கையில் இருக்கிறது. அதற்குள் நீஸ், லியோன், போர்தோ, உங்கள் ஊர் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா? (கோவை வாசகர்)

முடியும். ஆனால் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அந்த ஒரு வாரத்தையும் ஒரே வீட்டில் கழியுங்கள். கிராமங்களில் வாடகைக்கு விடும் தனி வீட்டை இங்கே 'ஜீத்' என்பார்கள். சமையலறை, தோட்டம், பெரும்பாலும் வாஷிங் மெஷின்கூட இருக்கும். 'ஜீத் த பிரான்ஸ்' அமைப்பின் வீடுகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை கதிர் சின்னம் போட்டுத் தரம் பிரித்திருப்பார்கள். மூன்று கதிர் வீடு உங்கள் ஐந்து பேருக்குத் தாராளம். கோடையில் பல வீடுகளைச் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரைதான் விடுவார்கள். பெட்ஷீட், துண்டு வாடகையில் சேர்த்தியா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். பல வீடுகளில் அதற்குத் தனிக் கட்டணம்.

பாரிசிலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம்தான். அங்கே கார் எடுத்துக்கொள்ளுங்கள், கிராமத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. நம் லைசென்சோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. அது சின்னச் சந்தாக இருந்தாலும் நீங்கள்தான் நிற்க வேண்டும்.

சனிக்கிழமை வந்து இறங்கியதும் முதல் வேலை மளிகை. ஞாயிறு மதியத்துக்கு மேல் கடைகள் பூட்டியே கிடக்கும். மற்ற நாட்களிலும் மதியம் இரண்டு மணி நேரம் சின்னக் கடைகளைச் சாத்திவிடுவார்கள். கடைக்குள் நுழையும்போது 'போன்ஷூர்' சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். அதைச் சொல்லாமல் விலை கேட்டால் முகம் சுருங்கிவிடும்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க நேருமா? (கும்பகோணம் வாசகி)

வீட்டில் சமைத்தால் ராஜபோகம்தான். புதன், சனிக் கிழமைகளில் சார்லா ஊரின் பழைய வீதிகளில் சந்தை கூடும். கரிகெத் என்று நீளமாக ஒரு ஸ்ட்ராபெரி வரும், அதன் மணம் நாலு கடைக்கு முன்பே கூப்பிடும். லெ புய் ஊர்ப் பச்சைப் பருப்பில் கூட்டு அருமையாக அமையும். புளி, பெருங்காயம், கறிவேப்பிலைக்குப் பாரிசின் லா ஷாப்பெல் பகுதி ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன. ரயில் ஏறும் முன் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹோட்டலில்தான் கவனம் தேவை. 'போம் சார்லதேஸ்' என்று பூண்டு மணக்கும் உருளைக்கிழங்கு வறுவல் வரும். பார்த்தால் சைவம், ஆனால் வறுப்பது வாத்துக் கொழுப்பில். சீஸிலும் பாலை உறையவைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பது இங்கே பரவலான வழக்கம். இந்தப் பகுதியின் ரொக்கமதூர் ஆட்டுப்பால் சீஸும் அப்படித்தான். நீங்கள் அதைத் தவிர்ப்பவர் என்றால் கடைக்காரரிடம் 'பிரெசூர்' (உறைய வைக்கும் பொருள்) எது என்று கேளுங்கள், எடுத்துச் சொல்வார்கள்.

பழைய கல் வீட்டில் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? (மதுரை வாசகி)

இப்படி ஒரு கேள்வி வராதா என்று காத்திருந்தேன். எங்கள் சுவர்கள் அரை மீட்டருக்கு மேல் கனம். கோடையில் வெயில் ஏறும் முன்பே ஜன்னலுக்கு வெளியே உள்ள மரக்கதவுகளைச் சாத்திவிடுவோம். வெளியே 38 டிகிரி கொதித்தாலும் கூடம் குளுகுளுவென்று இருக்கும். ஜூனில் இருட்டவே பத்து மணி ஆகும், அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் திறப்போம். விருந்தாளிகள் பலர் காற்று வரட்டும் என்று பட்டப்பகலில் திறந்துவைத்துவிட்டு, ராத்திரி தூக்கமில்லாமல் புரள்கிறார்கள்.

இந்த வட்டாரத்தின் சில பழைய வீடுகளுக்குக் கூரையே சுண்ணாம்புக்கல் பலகைதான். ஒரு சதுர மீட்டர் கூரை அரை டன்னுக்குக் குறையாது. அதைத் தாங்குகிற ஓக் மரச் சட்டங்களை அண்ணாந்து பாருங்கள், அந்தத் தச்சர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். குளிர்காலத்தில் எங்களுக்கு விறகடுப்புதான். விறகைக் கன மீட்டர் கணக்கில் வாங்குவோம். ஓக் விறகை இரண்டு வருடமாவது காயவிட வேண்டும். ஈர விறகு புகைந்து குழாயில் கரி படியவைக்கும், பிறகு அது தீப்பிடிக்கும். புகைபோக்கியை வருடாவருடம் ஆள் வைத்துச் சுத்தம் செய்து சான்றிதழ் வாங்குவோம். தீ விபத்து என்றால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

அக்டோபரில் வால்நட் விழத் தொடங்கும். பச்சைத் தோலை உரித்தால் கை கறுத்துவிடும், எந்த சோப்புக்கும் போகாது. காயவைத்ததைப் பக்கத்து வீட்டுப் பாட்டி மடியில் கல் பலகையை வைத்துக்கொண்டு சின்ன மரச் சுத்தியால் உடைப்பார். ஓங்கி அடிக்கமாட்டார், நுனியில் ஒரே தட்டு. பருப்பு இரண்டு பாதியாக முழுசாக வந்துவிடும். அதைச் செக்கில் கொடுத்தால் ஏறத்தாழ இரண்டு கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் எண்ணெய் கிடைக்கும். அந்த எண்ணெயைக் காய்ச்சக் கூடாது, கசந்துவிடும். சாலட்டில் பச்சையாகவே ஊற்றிக்கொள்ள வேண்டும்.

சித்தப்பா மகன் வீட்டில் தங்கப்போகிறோம். விசாவுக்கு அவருடைய கடிதம் போதுமா? (காரைக்கால் வாசகர்)

போதாது. அவர் தன் ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) 'அத்தெஸ்தாசியோன் தாக்கேய்' என்ற சான்றிதழ் வாங்கி, அசலை உங்களுக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் 30,000 யூரோ ஈடுள்ள பயணக் காப்பீடும் எடுக்க வேண்டும். ஜீத் எடுத்தால் முன்பதிவு ரசீதைக் காட்டலாம்.

லாஸ்கோ குகையில் காட்டுவது நகல்தான் என்கிறார்களே, போவது வீணா? (சேலம் வாசகர்)

வீண் இல்லை. ஆதிமனிதர் வரைந்த ஓவியங்களோடு 1940 செப்டம்பரில் நான்கு பையன்கள் கண்டுபிடித்த குகை அது. கூட்டம் கூட்டமாக வந்தவர்களின் மூச்சுக்காற்றால் ஓவியங்கள் கெடத் தொடங்கியதும் 1963இல் மூடிவிட்டார்கள். மூடியதுதான் சரி. 2016இல் மோந்தினியாக்கில் திறந்த முழு நகல் மிகுந்த சிரத்தையோடு செய்தது.

ஆனாலும் அசலையே பார்க்க வேண்டும் என்றால் ருஃபினியாக் குகைக்குப் போங்கள். சின்ன மின்சார ரயிலில் மலைக்குள்ளே கூட்டிப்போவார்கள். கம்பளி யானைகளை (மாமூத்) கறுப்புக் கோட்டில் வரைந்திருக்கிறார்கள், ஒன்றிரண்டல்ல, கூட்டமாக. வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே 13 டிகிரிதான். குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் குகையை மூடிவிடுவார்கள், ஜூனில் வருபவர்களுக்குக் கவலையில்லை.