மலைத்தோட்டத்துப் புல்லு: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

வருஷக்கணக்கா நிக்கிற புல்லுக் களையைப் பத்தி மட்டும், உங்க ஊர்ப்பேரைப் போட்டுக் கேளுங்க. போட்டோன்னா வேரோட தோண்டி எடுத்த போட்டோ போடுங்க, வெறும் இலையை வச்சு என்னால சொல்ல முடியாது.

கேத்தி: அக்கா, கேரட் பாத்தியில கொடியா ஓடுது, இழுத்தா அறுந்துடுது. பூவே பார்த்ததில்ல. அருகம்புல்லா?

இல்ல தம்பி, கிக்கியூ புல்லு. பூவே பார்த்ததில்லன்னு சொன்னீங்கல்ல, அதுதான் அடையாளமே. கென்யாவுல கிக்கியூ மக்கள் வாழற மேட்டுநிலத்துப் புல்லு இது, நம்ம குளிருக்கு நல்லாப் பழகிடுச்சு. பூ, தண்டைச் சுத்தியிருக்கிற இலையுறைக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும், மகரந்தக் காம்பு மட்டும் வெள்ளை நூலாட்டம் வெளிய நீட்டும், காலையில குனிஞ்சு பாருங்க தெரியும். அருகம்புல்லு மெல்லிசு, பூக்காம்பு உச்சியில 3லேருந்து 6 விரல் விரிச்ச மாதிரி இருக்கும். இலை தண்டைச் சுத்துற இடத்துல ரெண்டுக்குமே சின்ன முடி வரிசை உண்டு, அதை மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க. கிக்கியூ தண்டு தடியா சதைப்பத்தா மண்ணுக்கு மேலயும் ஓடும் அடியிலயும் ஓடும். பவர் டில்லர் மட்டும் விட்டுடாதீங்க, வெட்டுப்பட்ட ஒவ்வொரு கணுவும் ஒரு புல்லா வரும். ஃபோர்க் வச்சுக் கிளறி நீளமா உருவி எடுங்க.

பூம்பாறை: பூண்டுக்குள்ள வர்றது, தண்டு மூணு பட்டையா இருக்கு.

கோரை. புல்லே இல்ல, அடியில கிழங்கு இருக்கும். இன்னொரு நாள் பேசலாம்.

கோத்தகிரி: யூட்யூப்ல வெளிநாட்டுக்காரர் குவாக் கிராஸ்னு காட்டுறார், நம்ம கிக்கியூவும் அதேதானா?

இல்லைங்க. அதுக்கு இலை அடியில ரெண்டு சின்னக் கொக்கி தண்டைக் கட்டிப் பிடிச்சிருக்கும், கதிர் கோதுமையாட்டம் வெளிய தெரியும். கிக்கியூவுக்கு ரெண்டுமே கிடையாது.

ஊட்டி: கிக்கியூ உறைபனியில கருகிடுச்சு, செத்துடுச்சா?

மேல இலை மட்டும்தான் கருகியிருக்கு. அடித்தண்டு உயிரோட இருக்கும், மழை வந்ததும் துளிர்க்கும். காய்ஞ்சு கிடக்கிற இந்த நேரத்துலயே தோண்டி வெயில்ல பரப்பிடுங்க. டில்லர் வேண்டாம்.

மன்னவனூர்: என் மாடு இதைத் தின்னுதான் பால் கறக்குது, களைன்னு சொல்லி அழிக்கச் சொல்றது சரியில்லங்க.

கேத்தி: அண்ணே, உங்க மாட்டுக்காக நான் கேரட்டை விட முடியுமா?

மன்னவனூர்: சரிவுல மண்ணை யாரு பிடிச்சு நிறுத்துறா? பிடுங்கிட்டா ஒரு மழையில மேல்மண்ணு போயிடும்.

ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. அண்ணன் சொல்ற மாதிரி மண்ணைப் பிடிக்கிறதும் உண்மை, நல்ல தீனிங்கிறதும் உண்மை. மாட்டுக்குன்னு ஒதுக்கின இடத்துல தாராளமா இருக்கட்டும், ஆனா பாத்திக்கும் அதுக்கும் நடுவுல ஒரு வாய்க்கால் வெட்டி, அதைத் தாண்டி வர்ற கொடியை அப்பப்போ அறுத்துடணும். ஒண்ணு ஞாபகம் வைங்க அண்ணே, யூரியா நிறையப் போட்ட இடத்துல தளதளன்னு வளர்ந்த கிக்கியூவுல நைட்ரேட் ஏறிக்கும், பசியோட இருக்கிற மாட்டை அதுல அவுத்து விட்டா உயிருக்கே ஆபத்து. அதே மாதிரி சோலை ஓரத்துப் புல்வெளிக்குப் பக்கத்துல தயவுசெஞ்சு நடாதீங்க, நம்ம மலையோட சொந்தப் புல்லை மூடிடும்.

குன்னூர்: தேயிலைக்குள்ள வர்றதுக்கு அடித்தண்டு இஞ்சியாட்டம் முண்டு முண்டா இருக்கு.

இஞ்சிப்புல்லு. முண்டு ஒண்ணு விடாம எடுக்கணும்.

குன்னூர்: டில்லர் விட்டா போயிடுமா அக்கா?

மேல ரெண்டு தடவை சொல்லிட்டேன். விடாதீங்க.

கூக்கால்: இந்த இலை என்ன புல்லுன்னு பார்த்துச் சொல்லுங்க.

வேரோட எடுத்துட்டு வாங்க.