உப்புநீரும் உத்தரவாதச் சீட்டும்: வாசகர் கேள்வி-பதில்

வெப்பமண்டலத் தீவுகளுக்குச் சுற்றுலா போகிறவர்கள், அங்கே படம் எடுப்பதற்காக வாங்கிய பொருள்களையும் வாங்கப்போகும் பொருள்களையும் பற்றி எழுதிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். கடிதங்கள் இடம் கருதிச் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: ‘ஐபி 68’ என்று போட்டிருந்ததை நம்பித்தான் அந்தக் கைபேசியை வாங்கினேன். தீவில் இடுப்பளவுக் கடல்நீரில் நின்று குழந்தைகளைப் படம் எடுத்தேன். மறுநாள் சார்ஜ் ஏறவில்லை. உள்ளே நீர் போயிருக்கிறது, உத்தரவாதம் செல்லாது என்று பழுதுபார்க்கும் மையத்தில் கைவிரித்துவிட்டார்கள். விளம்பரத்தில் அதே கைபேசியை வைத்துக்கொண்டு நீந்துகிறார்களே?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. கைபேசி வாங்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

ஐபி என்ற எழுத்துகளுக்குப் பிறகு வரும் முதல் எண் தூசிக்கு உரியது. இரண்டாவது எண் நீருக்கு உரியது. அந்த இரண்டாவது எண் 7 என்றால், 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கருவி தாக்குப்பிடிக்க வேண்டும். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை. ஆனால் எத்தனை மீட்டர் ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்துகொள்ளலாம். அதனால்தான் அதே 68ஐத் தாங்கிய இரண்டு கைபேசிகளில் ஒன்றின் கையேட்டில் 1.5 மீட்டர் என்றும் இன்னொன்றின் கையேட்டில் 6 மீட்டர் என்றும் இருக்கிறது. சோதனை நடப்பது அசையாத நன்னீரில், புத்தம்புதுக் கருவியை வைத்து. கடலில் அலை மோதுகிறது, உப்பு அரிக்கிறது, கையில் பூசிய சன்ஸ்கிரீன் ரப்பர் அடைப்பில் படிகிறது. ஒருமுறை கீழே விழுந்த கைபேசியின் அடைப்பு முன்போலவே இறுக்கமாக இருக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. சார்ஜ் ஏற்றும் துளையில் உப்புநீர் தேங்கியிருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால், உள்ளே இருக்கும் உலோக முனைகள் அரித்துப்போகும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

விளம்பரத்தில் நீரைப் பெரிதாகக் காட்டிவிட்டு, உத்தரவாதச் சீட்டில் நீரால் வரும் பழுதைச் சிறிய எழுத்தில் விலக்கும் வழக்கத்தை நான் பல காலமாக எதிர்த்து வருகிறேன். இது வாங்குகிறவரின் குற்றம் இல்லை என்று சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. சில கேலக்சி கைபேசிகளை நீச்சல் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்று எண்ணவைத்த விளம்பரங்களுக்காக, 2022இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங்கின் அந்நாட்டுக் கிளைக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஐபோனின் நீர் தாங்கும் திறனை விளம்பரப்படுத்திவிட்டு, நீரால் வந்த பழுதுக்கு உத்தரவாதம் தர மறுத்ததற்காக இத்தாலியின் போட்டி ஆணையம் 2020இல் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது.

ஆகவே வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். விளம்பரத்தின் படம், வாங்கிய ரசீது, பழுதுபார்க்கும் மையம் தந்த அறிக்கை மூன்றையும் இணைத்துத் தயாரிப்பாளருக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, நுகர்வோர் வழக்குகளை விசாரிக்கும் அமைப்புக்கு அதே காகிதங்களோடு போங்கள். வீட்டில் வேறு யாருடைய கைபேசியாவது கடலில் நனைந்தால் உடனே நன்னீரில் அலசி, நன்றாக உலர்ந்த பிறகே சார்ஜில் போட வேண்டும்.

கேள்வி: 20,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் போட்டு விமானத்தில் அனுப்பிவிடலாமா? கைப்பையில் இடமில்லை.

பதில்: கூடாது. பவர் பேங்கும் கேமராவின் உபரி பேட்டரிகளும் கைப்பையில்தான் வர வேண்டும். உங்களுடையது ஏறக்குறைய 74 வாட் மணி (பேட்டரி சேமிக்கும் ஆற்றலின் அளவு). 100 வரை பெரும்பாலான விமானங்களில் அனுமதி உண்டு.

கேள்வி: தேனிலவுக்காக 1 டெராபைட் மெமரி கார்டு ஒன்றை இணையத்தில் மிக மலிவாக வாங்கினோம். முதல் இரண்டு நாள் படங்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகு எடுத்தவற்றின் பெயர்கள் மட்டும் வரிசையாகத் தெரிகின்றன, ஒன்றும் திறக்கவில்லை. என் மனைவி அழுதுவிட்டாள்.

பதில்: படிக்கவே வருத்தமாக இருக்கிறது. உங்களுக்கு விற்கப்பட்டது போலிக் கார்டு. உள்ளே இருக்கும் நினைவகம் 32 ஜிபியோ 64 ஜிபியோதான் இருக்கும். அதைக் கட்டுப்படுத்தும் சில்லு மட்டும் கேமராவிடமும் கணினியிடமும் ‘நான் 1 டெராபைட்’ என்று பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். உண்மையான கொள்ளளவு நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். பிறகு வரும் படங்கள் பழைய படங்களின் மேலேயே எழுதப்படும், அல்லது எங்குமே எழுதப்படாமல் போகும். பெயர்ப் பட்டியல் தனி இடத்தில் பதிவாவதால் பெயர்கள் மட்டும் மிஞ்சுகின்றன.

கார்டை உடனே கேமராவிலிருந்து எடுத்துவிடுங்கள். ஃபார்மேட் செய்யாதீர்கள், புதிதாக ஒரு படம்கூட எடுக்காதீர்கள். ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளால் தேடிப் பார்த்தால் சில படங்கள் மீளலாம். எழுதப்படாமலே போனவற்றை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. இதை நான் மறைப்பது சரியில்லை. மனைவியின் கைபேசியிலும், உங்களோடு வந்தவர்களின் கைபேசிகளிலும் இருப்பவற்றை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

படங்களை மீட்டு வேறிடத்தில் சேமித்த பிறகு ‘ஹெச்2டெஸ்ட்டபிள்யூ’ அல்லது ‘எஃப்3’ மென்பொருளால் கார்டைச் சோதியுங்கள். சொன்ன கொள்ளளவு எவ்வளவு, உண்மையில் எவ்வளவு என்பதை அது காட்டும். அந்தத் திரையைப் படமெடுத்து விற்பனையாளருக்கும், அவர் விற்ற இணையதளத்துக்கும், நீங்கள் பணம் செலுத்திய வங்கிக்கும் அனுப்புங்கள். அட்டை மூலம் பணம் கட்டியிருந்தால், போலிப் பொருள் என்ற காரணத்தைச் சொல்லித் தொகையைத் திரும்பக் கேட்க வங்கியில் வழியுண்டு.

மற்ற வாசகர்களுக்கு: எந்தப் புதுக் கார்டையும் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே இந்தச் சோதனையில் முழுவதுமாக நிரப்பிப் பாருங்கள். ஒரே பெரிய கார்டுக்குப் பதில் நடுத்தரக் கார்டுகளாகச் சில வாங்குங்கள். 4கே காணொளி எடுப்பவர்கள் ‘வி30’ குறியைத் தேடுங்கள். நொடிக்கு 30 எம்பி வேகத்துக்குக் குறையாமல் பதியும் என்பதற்கான குறி அது.

கேள்வி: புதுக் கேமராவில் வெள்ளை மணல் சாம்பல் நிறமாக வருகிறது. பழுதான கேமராவைத் தலையில் கட்டிவிட்டார்கள். மாற்றித் தரச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பதில்: சண்டையை நிறுத்துங்கள், கேமராவில் பழுதில்லை. எதைப் பார்த்தாலும் அது நடுத்தர வெளிச்சம் உடைய காட்சி என்று எடுத்துக்கொண்டுதான் கேமராவின் ஒளிமானி கணக்குப் போடுகிறது. பளிச்சிடும் மணலைக் கண்டதும் வெளிச்சம் அதிகம் என்று குறைத்துவிடுகிறது. கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்தி +1 பக்கம் நகர்த்துங்கள். மணல் வெளுக்கும், முகங்களும் இருட்டிலிருந்து வெளியே வரும். கடைக்காரரிடம் வருத்தம் தெரிவித்துவிடுவதும் நல்லது.

கேள்வி: நாளைக் காலை விமானம். இன்றுதான் கேமரா வாங்கினேன். எந்த முறையில் வைத்து எடுக்க வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லவும்.

பதில்: தானியங்கி முறையில் எடுங்கள், விமானத்தில் உட்கார்ந்து கையேட்டைப் படியுங்கள்.

கேள்வி: வானம் ஆழ்ந்த நீலமாக வரும் என்று போலரைசர் ஃபில்டர் வாங்கினேன். அகலக்கோண லென்ஸில் வானத்தின் ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளிறல். போலியா?

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை. சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் வானத்தில்தான் போலரைசர் நன்றாக வேலை செய்யும். அகலக்கோண லென்ஸ் வானத்தின் பெரும்பகுதியை அடக்கிவிடுவதால் விளைவு ஒரு பட்டையாகத் தெரிகிறது. அந்த லென்ஸில் வானத்தை விட்டுவிட்டு, தண்ணீரின் மேல் மின்னும் பிரதிபலிப்பை நீக்க அதைப் பயன்படுத்துங்கள். ஆழமில்லாத கடலின் அடியில் கிடக்கும் பவளமும் மணலும் அப்படியே தெரியும். வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து நிறுத்த வேண்டும். மாலை வெளிச்சம் மங்கியதும் கழற்றிவிடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகக் குறைவது) அது ஒளியை விழுங்குகிறது.

மலிவானதை வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் வாங்கிய ஒன்று படம் முழுவதற்கும் மஞ்சள் பூசியது. அதன் அலுமினிய வளையம் வெயிலில் லென்ஸின் மரையோடு கவ்விக்கொண்டு, கழற்றும்போது மரையையும் தேய்த்தது. விற்றவர் திரும்பப் பெற மறுத்துவிட்டார். பித்தளை வளையம் உள்ளவை அவ்வளவு எளிதாகச் சிக்குவதில்லை.

கேள்வி: 249 கிராம் ட்ரோன் வாங்கிவிட்டேன். இந்த எடைக்கு எங்கும் அனுமதி தேவையில்லை என்று விற்பனையாளர் சொன்னார். நண்பர் இப்போது பயமுறுத்துகிறார்.

பதில்: நண்பர் சொல்வதுதான் சரி. விற்பனையாளர் சொன்னது தவறு. அதை விசாரிக்காமல் பணத்தை நீட்டியது அதைவிடத் தவறு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனிலும் கேமரா இருந்தால், அது பொம்மை வகையைச் சேராதபோது, இயக்குபவர் பதிவு செய்தாக வேண்டும். வேறு சில நாடுகளில் ட்ரோனைக் கொண்டுவருவதற்கே முன்அனுமதி வேண்டும். இல்லையென்றால் சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். நீங்கள் போகும் தீவு எந்த நாட்டைச் சேர்ந்ததோ அந்த நாட்டின் விமானப் போக்குவரத்துத் துறையின் விதிகளைப் படியுங்கள். தங்கும் விடுதியிடமும் எழுத்தில் கேளுங்கள். சின்னத் தீவுகளில் விமான ஓடுதளம் எதுவும் தொலைவில் இருப்பதில்லை.

கேள்வி: அறையைவிட்டு வெளியே வந்தவுடன் லென்ஸ் முழுக்கப் பனி மூடுகிறது. துடைத்தாலும் திரும்ப வருகிறது.

பதில்: துடைக்காதீர்கள். குளிரூட்டிய அறையில் சில்லிட்ட கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. கேமராவை மூடிய பைக்குள் வைத்தபடியே வெளியே கொண்டுவந்து அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். பனி மூடியிருக்கும் நேரத்தில் லென்ஸை மட்டும் கழற்றவே கூடாது.

கேள்வி: பழைய லென்ஸ் ஒன்றை ‘புதிதுபோல் உள்ளது’ என்று நம்பி வாங்கினேன். படங்கள் எல்லாம் வெளிச்சத்தில் புகைமூட்டமாக வருகின்றன. பணம் போயிற்றா?

பதில்: லென்ஸின் முன்மூடி, பின்மூடி இரண்டையும் கழற்றுங்கள். இருட்டறையில் பின்பக்கத்திலிருந்து ஒரு சிறு டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தூசி என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் தெரியும், அதனால் பாதகமில்லை. விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நரம்புபோல் கிளைவிட்டுப் பரவிய வெண்ணிழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கண்ணாடி முழுவதும் ஒரே சீரான பால்வெண்மை என்றால் உள்ளே படலம் கட்டியிருக்கிறது. பின்னவை இரண்டும் விற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய குறைகள். டார்ச் வெளிச்சத்தில் தெரிவதைப் படமெடுத்து, அவருடைய விளம்பர வாசகத்தோடு சேர்த்து அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். விளக்கத்துக்கு மாறான பொருளை விற்றவர் திரும்பப் பெற்றுத்தான் ஆக வேண்டும்.

பூஞ்சை இருந்தால் அந்த லென்ஸை மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்காதீர்கள். ஈரப்பதம் மிகுந்த தீவுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். ஊர் திரும்பியதும் எல்லா லென்ஸ்களையும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகாத டப்பாவில் வைத்துவிடுவது நல்ல பழக்கம்.

கேள்வி: கைபேசியை நீருக்கடியில் கொண்டுபோக நீர்ப்புகாப் பை வாங்கலாமா? நீருக்கடியில் எடுத்தால் எல்லாம் நீலமாக வருகிறதாமே, சிவப்பு ஃபில்டரும் வாங்க வேண்டுமா?

பதில்: பை வாங்கலாம், ஆனால் சோதிக்காமல் கைபேசியை அதில் வைக்காதீர்கள். நான் வாங்கிய பை ஒன்று முதல் நாளே பூட்டின் மூலையில் கசிந்தது. ஒரு காய்ந்த டிஷ்யூ தாளை மடித்து உள்ளே வைத்துப் பூட்டுங்கள். மேலே கனமான பாத்திரத்தை வைத்து, வாளி நீரில் அரைமணி நேரம் அமிழ்த்துங்கள். வெளியே எடுத்ததும் பையின் மேற்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத் திறக்க வேண்டும். தாளின் ஓரம் துளி நனைந்திருந்தாலும் அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூட்டுகிற விளிம்பில் ஒரு தலைமுடியோ ஒரு மணல் பரலோ மாட்டிக்கொண்டால்கூட நீர் புகும் என்பதால், கடற்கரையில் நின்றுகொண்டு பையைத் திறந்து மூடாதீர்கள். நீருக்கடியில் தொடுதிரை வேலை செய்யாது. ஒலியளவுப் பொத்தானால் படமெடுக்கும் வசதியை முன்பே அமைத்துக்கொள்ளுங்கள்.

ஒளியில் உள்ள சிவப்பைத்தான் நீர் முதலில் உறிஞ்சுகிறது. சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிவிடும். மேல்மட்டத்தில் மட்டும் நீந்துபவருக்குச் சிவப்பு ஃபில்டர் தேவையில்லை. மீனுக்குக் கைக்கெட்டும் தொலைவுவரை நெருங்கி, சூரியன் உச்சியில் இருக்கும்போது எடுத்தால் போதும். பவளத்தை மிதிக்காமல், பிடிக்காமல் எடுங்கள்.

கேள்வி: தீவில் ஒரு புகைப்படக்காரரிடம் முழுத்தொகையும் முன்பணமாகக் கொடுத்துக் குடும்பப் படங்கள் எடுத்தோம். முத்திரை குத்திய சின்னப் படங்களை மட்டும் அனுப்பிவிட்டு, பெரிய அளவில் வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்துக்கும் தனிக் கட்டணம் என்கிறார். என் அப்பாவுக்கு வயது எண்பது. இனி அந்தத் தீவுக்கு அவர் வரப்போவதில்லை.

பதில்: உங்கள் பாசத்தை வைத்து அவர் பணம் பறிக்கிறார். எழுதி வாங்கிய ஒப்பந்தம் இல்லையென்றாலும் மனம் தளர வேண்டாம். அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள், விளம்பரப் பக்கம், பணம் கட்டிய விவரம் எல்லாமே சாட்சிதான். எத்தனை படங்கள், எந்த அளவில் என்று அவர் எங்கேயாவது எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள். தனிக் கட்டணம் பற்றி முன்பே சொல்லியிருக்கவில்லை என்றால், அதைச் சுட்டிக்காட்டி ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் முழு அளவுப் படங்களைத் தரும்படி எழுதுங்கள். விடுதியோ சுற்றுலா ஏற்பாட்டாளரோ அவரை அறிமுகம் செய்திருந்தால், கடிதத்தின் படி அவர்களுக்கும் போகட்டும். அங்கிருந்து வரும் அழுத்தம் பல நேரங்களில் வேலை செய்யும். மூலப் படங்களை அழித்துவிடக் கூடாது என்பதையும் அதே கடிதத்தில் எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை அவருக்கு மேற்கொண்டு பணம் எதுவும் அனுப்பாதீர்கள். என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.