திறன் எண்கள்: எந்தப் பதிப்பு, எந்தக் கணக்கு?

பகடை உருட்டி, கற்பனைக் கதாபாத்திரங்களாக ஆடும் மேசை விளையாட்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஸ்ட்ரெங்த் (பலம்), டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), கான்ஸ்டிட்யூஷன் (உடல்உறுதி) உட்பட ஆறு திறன்களுக்கு ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் எண் உண்டு; அதற்கேற்பக் கூடுதலோ குறைவோ கிடைக்கும். அதை ஆடும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்.

கே: பழைய கேரக்டர் தாளில் ஸ்ட்ரெங்த் 18/76 என்று இருக்கிறது. அப்படியென்றால்?

ப: 1975-இல் வந்த கிரேஹாக் துணைநூலில் தொடங்கிய வழக்கம் இது. ஃபைட்டர் (போர்வீரர்) வகைக் கதாபாத்திரத்துக்கு ஸ்ட்ரெங்த் 18 விழுந்தால், 1 முதல் 100 வரை இன்னொரு முறை உருட்டுவார்கள். சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது அந்த எண். 00 என்றால் நூறு. 1978 விதிநூலில் 18/76 முதல் 18/90 வரை தாக்குதலுக்கு +2, சேதத்துக்கு +4. 2014 அல்லது 2024 விதிக்கு மாற்றும்போது வெறும் 18 என்று எழுதுங்கள். அங்கே 18-க்கே இரண்டிலும் +4 உண்டு. 'அசாதாரண பலமாயிற்றே' என்று 20-க்கு ஏற்றிவிட்டால் மற்றவர்கள் பின்தங்கிவிடுவார்கள்.

கே: ஸ்ட்ரெங்த் 15-க்கு எங்கள் மேசையில் ஒருவர் +1 என்கிறார், இன்னொருவர் +2 என்கிறார். யார் சரி?

ப: இருவருமே. 1981 பேசிக் தொகுப்பில் 13 முதல் 15 வரை +1. அதே காலத்தில் தனியாக வந்த 'அட்வான்ஸ்ட்' பதிப்பின் விதியில் 15-க்குத் தாக்குதலிலும் சேதத்திலும் கூடுதல் கிடையாது. 2000-இல் மூன்றாம் பதிப்பு ஆறு திறன்களுக்கும் ஒரே கணக்கைக் கொண்டுவந்தது: எண்ணிலிருந்து 10-ஐக் கழித்து, பாதியாக்கி, கீழ்ப்பக்கம் முழுமையாக்க வேண்டும். அதன்படி 15-க்கு +2. 7-க்கு −1 என்று பலர் எழுதுகிறார்கள், −1.5-க்குக் கீழே வருவது −2. என்னைக் கேட்டால், இத்தனை ஆண்டுகளில் நடந்த மிக நல்ல மாற்றம் இதுதான். ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனி அட்டவணை தேட வேண்டியதில்லை.

கே: பகடை உருட்டாமல், திறன் எண்களை 27 புள்ளிகளில் வாங்கும்போது கணக்கு இடிக்கிறது.

ப: 8-க்குச் செலவில்லை. 13 வரை படிக்கு ஒரு புள்ளி. 14-க்கும் 15-க்கும் படிக்கு இரண்டு. ஆக 13-க்கு 5, 14-க்கு 7, 15-க்கு 9. இங்கேதான் பலர் ஒன்றிரண்டு புள்ளியை விடுகிறார்கள். 15-க்கு மேல் வாங்க முடியாது. இனமோ பின்னணியோ தரும் கூடுதலை, எண்களை வாங்கி முடித்த பிறகே சேர்க்க வேண்டும். சரிபார்க்க: 15, 14, 13, 12, 10, 8 வாங்கினால் மிகச்சரியாக 27 வரும்.

கே: 2024 நூலில் எல்ஃபுக்கு டெக்ஸ்டெரிட்டி +2 எங்கே போயிற்று?

ப: பின்னணிக்கு, அதாவது கதாபாத்திரம் முன்பு செய்துவந்த தொழில் போன்றவற்றுக்குப் போய்விட்டது. 2020-இல் வந்த 'டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்' துணைநூல், எல்ஃப் போன்ற இனத்தின் கூடுதலை விருப்பப்பட்ட திறனுக்கு மாற்ற அனுமதித்தது. 2024-இல் அது இனத்தை விட்டே நீங்கிவிட்டது. ஒவ்வொரு பின்னணிக்கும் மூன்று திறன்கள்; சோல்ஜருக்கு ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிட்யூஷன். ஒன்றுக்கு +2, இன்னொன்றுக்கு +1. இல்லையேல் மூன்றுக்கும் +1. பழைய நூலின் இனத்தை எடுத்தால் அதிலுள்ள திறன் கூடுதலை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்தால் முதல் நிலையிலேயே 19 வந்து நிற்கும்.

கே: திறன் எண்ணுக்கு ஆறு முகப் பகடை மூன்றுக்குப் பதில் நான்கை உருட்டிச் சிறியதை நீக்குவதால் எவ்வளவு லாபம்?

ப: மூன்று பகடைக்குச் சராசரி 10.5. இதற்கு ஏறக்குறைய 12.2.